தேர்வில் வாசித்தவன்

வந்திருந்தவர்கள்: கமிட்டித் தலைவர் ராவ் பகதூர் கங்காதரன்; பயிற்சியாளர் ராஜகோபால், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்; மதராஸிலிருந்து வரவேண்டிய துரைக்காக ஒரு பிரம்பு நாற்காலி; ஆஸ்பத்திரி ஆயா கன்னியம்மாள்; தெருவிளக்கு ஏற்றும் பங்காரு; தானியக் கிடங்கின் இராக்காவலாளி ஏசுவடியான்; பெயர் எழுதும்போது தூங்கிக்கொண்டிருந்த இன்னும் சிலர்.

துரை அன்று வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நாற்காலி மட்டும் தினமும் வந்தது. உள்ளே நுழைகிறவர்கள் முதலில் நாற்காலிக்கு சலாம் வைக்கவேண்டும், பிறகு தலைவருக்கு. வரிசையை மாற்றிவிட்டதற்காகக் கன்னியம்மாளை வெளியே போய் மறுபடி உள்ளே வரச் சொன்னார்கள். அவள் போய் வந்தாள்.

யுத்தம் ஐந்தாவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காததால் திருத்தணியில் தெருவிளக்குகள் ஏற்றப்படுவதில்லை. பங்காரு ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கம்பமாகப் போய், ஏறி, இறங்கி, சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். அரிசி இல்லை, துணி இல்லை, குனைன் மாத்திரை இல்லை. இந்த நிலையில் கடைநிலை ஊழியர்களுக்கு இங்கிலீஷ் வாசிப்பு இல்லை என்பதை மேலே யாரோ கண்டுபிடித்தார்கள். யுத்தகாலக் கடைநிலை ஊழியர் ஆங்கில வாசிப்புத் தகுதிக் கமிட்டி என்று ஒன்று உண்டாயிற்று. தற்காலிகமாக வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் அது நடத்தும் தேர்வில் தேறவேண்டும். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வேலை போகும். வேலையோடு கொடுத்த வீடு இருந்தால் அதுவும் போகும்.

பிள்ளைப்பேறு பார்க்கிறவளுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று கன்னியம்மாள் முதல் நாளே கேட்டாள். யுத்தம் நடக்கிறது என்று தலைவர் பதில் சொன்னார்.

ஏசுவடியானுக்கு வீடு இருந்தது. கிடங்கின் பின்னால் ஓடு போட்ட ஒற்றை அறை. அதற்கு முன்னால் அவனும் அவன் மனைவி லோயிஸும் கனகம்மாசத்திரத்தில் அவள் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் குடியிருந்தார்கள். அண்ணன் மனைவி அவர்கள் குடிக்கிற கூழையும் மாடு குடிக்கிற கழுநீரையும் ஒரே குரலில் சேர்த்துப் பேசுவாள். அங்கே திரும்பிப் போகமாட்டேன் என்று லோயிஸ் சொல்லியிருந்தாள். அவள் ஒரு விஷயத்தைச் சொன்னால் சொன்னதுதான்.

வகுப்பில் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவன் ஏசுவடியான் ஒருவன்தான். அதுதான் கேடாக முடிந்தது. அவனுடைய தகப்பன் மிஷன் காலத்தில் வெள்ளைக்காரப் பாதிரியோடு கிராமம் கிராமமாகப் போனவர். பாதிரி ஒரு வரி இங்கிலீஷில் சொல்வார். தகப்பன் அந்த வரியைத் தமிழில் சொல்வார். பிறகுதான் அடுத்த வரி. பையனுக்கும் அப்படியே பழக்கினார். எழுந்து நின்று, வரிக்குக் கீழே விரலை வைத்து, வாய்விட்டுப் படித்து, தமிழில் சொல்லி, அத்தியாயம் முடியும்வரை உட்காராமல். ஏசுவடியானுக்கு வேறு மாதிரி வாசிக்கத் தெரியாது. இங்கிலீஷில் ஒரு வரியைக் கண்டால் அவன் வாய் தானாக அதைத் தமிழில் சொல்லும்.

வகுப்பு மலையடிவாரத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு சத்திரத்துக் கூடத்தில் நடந்தது. ஒரு பக்கம் ஜன்னல்கள். கம்பி உண்டு, கதவு இல்லை. கம்பிக்கு வெளியே நாவிதர்கள் மொட்டையடிப்பார்கள். மொட்டையடித்துக்கொண்டவர்கள் தலையில் சந்தனம் காய்கிறவரை கூடத்துக்குள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ராஜகோபால் கார்டு உத்தியோகத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டையே இப்போதும் போட்டிருந்தார். விசிலும் இருந்தது. அவர் முறை ரயில் முறை.

"கூட்ஸ் வண்டி எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும். அதனால அது எப்பவும் லேட்டு. மெயில் நிக்காது. திருத்தணியத் தாண்டிப் போவுது, இது திருத்தணின்னு அதுக்குத் தெரியுமா? தெரியாது. ஆனா மதராஸுக்குப் போய்ச் சேருதா இல்லியா? இங்கிலீஷ அப்பிடித்தான் படிக்கணும். ஏறுற எடம் மொதல் வரி. எறங்குற எடம் கடைசி வரி. நடுவுல எவனும் தலய வெளிய நீட்டக்கூடாது."

இது மெயில் முறை. அடுத்தது ஷண்டிங் முறை: பகுதியைப் பார்க்காமல் கேள்வியை முதலில் பார்ப்பது. கேள்வியில் பெரிய வார்த்தையாக ஒன்றைப் பிடித்து, அதே வார்த்தை பகுதியில் எங்கே நிற்கிறது என்று பார்த்து, இரண்டையும் கோர்த்துவிடுவது. பிறகு சிக்னல் முறை: எங்கே எண் தெரிகிறதோ அங்கே விடை இருக்கிறது. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நீளமானதை எடுக்கவேண்டும். பொய்யை யாரும் அவ்வளவு நீளமாக எழுதமாட்டார்கள், கை வலிக்கும் என்றார் ராஜகோபால்.

ஏசுவடியான் எழுந்து நின்றான். "சார், அப்ப அதுல இன்னா சொல்லிகீறாங்கன்னு எப்ப தெரியும்?"

ராஜகோபால் இதற்கு முன் பல ஊர்களில் வகுப்பு எடுத்திருக்கிறார். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. தமக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்கிற ஆள் அல்ல அவர். கமிட்டிக்கு எழுதிக் கேட்டார். பொருள் பாடத்திட்டத்தில் இல்லை என்று பதில் வந்தது. அதை அவர் வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார், முதல் வரியையும் கடைசி வரியையும்.

பயிற்சிக்கு ஒரே ஒரு பகுதிதான் இருந்தது. குளிர் தேசம் ஒன்றில் பாலாடைக்கட்டியை எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்பது பற்றியது. காகிதத் தட்டுப்பாடு என்பதால் தினமும் அதையே கொடுத்து தினமும் வாங்கிக்கொண்டார்கள். இங்கிலீஷ் எழுத்துகளில் பாதியைக்கூட அடையாளம் தெரியாத பங்காரு இரண்டாவது வாரம் முழு மதிப்பெண் வாங்கினான். பாலாடைக்கட்டி என்பது தாவரமா பிராணியா என்று அவனுக்கு நிச்சயமில்லை. மதிப்பெண்ணுக்கு அது இடைஞ்சலாக இல்லை. ஏசுவடியான் இரவெல்லாம் கிடங்கைக் காத்துவிட்டு வந்து, எரிகிற கண்ணோடு, மூன்றாவது வரியில் நின்றுகொண்டிருப்பான். அதற்குள் விசில் ஊதிவிடும்.

விரல்தான் வேகத்தைத் தடுக்கிறது என்று ராஜகோபால் அவன் இடது கை விரல்களைச் சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டினார். விரல் இல்லாமல் உதடு அசைந்தது. உதட்டில் பிளாஸ்திரி ஒட்டினார். வேர்வையில் கழன்று விழுந்தது. கடைசியில் அவர் கமிட்டியே மெச்சிய ஒரு வழியைக் கண்டார். வாசிக்கத் தொடங்கும் முன் எல்லோரும் வாயில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளவேண்டும். வாசித்து முடித்த பிறகு வாளியில் துப்பவேண்டும். வாளியில் விழுகிற தண்ணீர் குறைந்தால், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வாய்விட்டு வாசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், மதிப்பெண் கழிக்கப்படும்.

தண்ணீர் முறையைத் தொடங்கிவைக்கத் தலைவர் நேரில் வந்தார். நாற்காலிக்கு சலாம் வைத்துவிட்டுப் பேசினார்.

"என்னப் பாருங்க. நான் இந்த ஸ்தானத்துக்கு எப்பிடி வந்தேன்? இத்தன வருஷ பொது வாழ்க்கையில ஒரு கடுதாசியக்கூட நான் முழுசாப் படிச்சதில்ல. மொதல் வரியில எனக்கு வணக்கம் சொல்லிருப்பான். கடைசி வரியில கையெழுத்து போட்டிருப்பான். நடுவுல இருக்கிறது அவனோட கஷ்டம். அத நான் எதுக்குப் படிக்கணும்? படிச்சிருந்தா நான் இன்னிக்கு ராவ் பகதூரா இருக்க முடியுமா?"

எல்லோரும் கை தட்டினார்கள். வாயில் தண்ணீர் இருந்ததால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

ஆடி மாதம் வந்தது. கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் ஊரை அடைத்தது. அலகு குத்தி, வாய்ப்பூட்டு போட்டுக்கொண்டு, பேசாமல் மலையேறுகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஜனங்கள் சத்திரத்து ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே வரிசையாக ஆட்கள் கன்னம் உப்ப, கண் பிதுங்க, கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே காலி நாற்காலி. இது தண்ணீர்ப் பூட்டு, கடுமையான வேண்டுதல் என்று வெளியே பேச்சாயிற்று. ஒரு பெண் கம்பிக்குள் கையை விட்டு, பக்கத்தில் இருந்தவன் நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசி, தன் மகளுக்குக் கலியாணம் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்தில் இருந்தவன் ஏசுவடியான்.

வீட்டுக்கு வந்தபோது லோயிஸ் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"நெத்தியில இன்னாது?"

"பரீட்சைக்குப் படிச்சிகினு இருந்தேன்."

"படிச்சா நெத்தியில வருமா?"

"வாயில தண்ணி இருந்துச்சி. வேணாம்னு சொல்ல முடியல."

லோயிஸ் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள். "சபையில கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ பாஸ் பண்ணு, போ. அண்ணிகிட்ட மட்டும் என்ன அனுப்பாத."

தேர்வு நாளன்று ஏசுவடியான் தயாராக இருந்தான். முதல் வரி, கடைசி வரி, பெரிய வார்த்தை, எண், நீளமான விடை. வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தான். அவன் விரல்களைக் கட்டினார்கள். தண்ணீர் அளந்து ஊற்றினார்கள். தாளைக் கவிழ்த்து வைத்தார்கள். ராஜகோபால் விசில் ஊதினார்.

புதிய பகுதி. அவன் முதல் வரியைப் பார்த்தான். என்ன நடந்தாலும் விளக்கை விட்டு இறங்கக்கூடாது என்று காவல்காரனுக்கு உத்தரவு. கடைசி வரியைப் பார்த்தான். கீழேயிருந்து அவள் மறுபடியும் அவனைக் கூப்பிட்டாள்.

அவ்வளவுதான் அவன் பார்த்திருக்க வேண்டியது. அவனும் பென்சிலை எடுத்தான். ஆனால் அவனும் காவல்காரன். அவனுக்கும் இரவில் நகரக்கூடாது என்ற உத்தரவு உண்டு. அவனுக்கும் பின்னாலிருந்து கூப்பிடுகிற ஒருத்தி இருக்கிறாள். இவள் எதற்குக் கூப்பிடுகிறாள் என்று பார்த்துவிடலாம் என்று இரண்டாவது வரிக்குப் போனான். கட்டிய கை முழுசாக வரிக்குக் கீழே வந்து நின்றது. வாயிலிருந்த தண்ணீரை எப்போது விழுங்கினான் என்று அவனுக்கே தெரியாது. விசாரணையில் அவன் சொன்னது இதுதான், யாரும் நம்பவில்லை: அவன் எழுந்து நின்றதும் அவனுக்குத் தெரியாது.

அவன் இங்கிலீஷில் ஒரு வரி படித்தான். பிறகு அதைத் தமிழில் சொன்னான்.

"கடலுக்கு நடுவுல ஒரு பாறை. அதும்மேல ஒரு கோபுரம். கோபுரத்து உச்சியில ஒரு வெளக்கு. ராத்திரியில வர கப்பலுங்க பாறையில மோதாம இருக்க அத எரிய வெச்சிகினே இருக்கணும்."

கூடத்தில் மடக் என்று ஒரு சத்தம் கேட்டது. பங்காரு தண்ணீரை விழுங்கியிருந்தான்.

"இன்னா எண்ணெ?" என்று கேட்டான்.

"எண்ணெ பேரு போடல," என்று சொல்லிவிட்டு ஏசுவடியான் அடுத்த வரிக்குப் போனான். புயல். கீழ் அறையில் மனைவிக்கு ஜுரம். தண்ணீர் கேட்கிறாள். இறங்கிப் போய்வரலாம், ஆனால் காற்றில் விளக்கு நிற்காது; தூரத்தில் ஒரு கப்பலின் வெளிச்சம் தெரிகிறது. மடக், மடக் என்று வரிசையாகச் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நாவிதர் ஒருவர் பாதித் தலையோடு கத்தியை நிறுத்தினார்; தலைக்குச் சொந்தக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார். விசிலை ஊதி நிறுத்தவேண்டிய ராஜகோபால் அதை வாயில் வைத்தபடியே நின்றார். அவன் கடைசி வரிக்கு வந்தான்.

"கீழருந்து அவ மறுபடியும் கூப்புட்டா."

நிறுத்தினான்.

"அப்பறம்?" என்றாள் கன்னியம்மாள்.

அவன் தாளைத் திருப்பினான். பின்பக்கம் வெற்றாக இருந்தது. தேர்வுக்கு அந்த அளவு நீளம் போதும் என்று அதோடு வெட்டியிருந்தார்கள். கீழே கேள்விகள்: கோபுரத்துக்கு எத்தனை படி? பாறையின் நிறம் என்ன? அவள் பிழைத்தாளா என்று கேள்வி இல்லை.

அப்போதுதான் ராஜகோபாலுக்கு விசில் ஞாபகம் வந்தது.

விசாரணை அதே கூடத்தில் நடந்தது. கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியாவது வழக்கம்தான், அதற்கு விதிகள் இருக்கின்றன என்றார் தலைவர். பொருள் வெளியானது இதுவே முதல் தடவை. இருந்தவர்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டதென்றால் அத்தனை பேரும் தகுதி இழக்கிறார்கள். புரிந்துகொண்டு எழுதிய விடை முறைப்படி எழுதிய விடை ஆகாது. எனவே ஒவ்வொருவரும் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுத் தமக்கு ஒன்றும் புரியவில்லை என்று சத்தியம் செய்யவேண்டும்.

பங்காரு தெலுங்கில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சத்தியம் செய்தான். கன்னியம்மாளின் கண் சிவந்திருந்ததைக் கமிட்டி கவனித்தது. அடுப்புப் புகை என்று அவள் சொன்னது ஏற்கப்பட்டது. ராஜகோபாலும் சத்தியம் செய்யவேண்டியிருந்தது. அவருடைய முப்பது வருஷ சேவை அதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

கடைசியாக ஏசுவடியான். தலைவர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். ஒரு காவலாளியை வெளியே அனுப்பி இன்னொருவனைப் பிடிப்பது தொல்லை. படித்தது உண்மையானாலும் புரியாமல் படித்ததாகச் சொன்னால் மன்னிக்க இடம் உண்டு என்றார். காலையில் லோயிஸும் இதையேதான் சொல்லி அனுப்பியிருந்தாள்: எதைக் கேட்டாலும் புரியலீங்கன்னு சொல்லு, வேற வாய் தொறக்காத.

"புரியலீங்க," என்றான் ஏசுவடியான்.

"ஒண்ணுமே புரியல?"

"ஆங். ஒண்ணுமே புரியலீங்க." நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டான்.

தலைவர் திருப்தியோடு பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடும்போது நாலு நல்ல வார்த்தை சொல்வது அவர் வழக்கம். தேர்வுப் பகுதியை அவரும் பார்த்திருந்தார், தம் முறைப்படி.

"உன்ன மாதிரி காவல்காரங்களுக்கு அதுல நல்ல பாடம் இருக்குப்பா. வெளக்க விட்டு எறங்கக்கூடாதுன்னு உத்தரவு. பொண்டாட்டி கூப்புட்டான்னு எறங்கிட்டான். வெளக்கு அணஞ்சிது, கப்பல் போச்சு. கடமையில தவறினா இதான் கதி."

"இல்லீங்க," என்றான் ஏசுவடியான். "அவன் எறங்கல. வெளக்கு அணையல."

பேனா நின்றது.

ராஜகோபால் கண்ணை மூடிக்கொண்டார். ஏசுவடியான் வாயை மூடிக்கொண்டான், ஆனால் வாக்கியம் வெளியே போய்விட்டது. பொருள் புரிந்ததை அவன் தானாகவே ஒப்புக்கொண்டான் என்று எழுதினார்கள். தேர்வு நேரத்தில் வாசித்தது, வாசித்ததைப் பிறருக்குச் சொன்னது, சொன்னதைத் தலைவர் முன்னிலையில் திருத்தியது. மூன்று குற்றம். வீட்டைக் காலி செய்ய ஞாயிற்றுக்கிழமை வரை தவணை. வெளியே போகும் முன் நாற்காலிக்கு சலாம் வைக்கச் சொன்னார்கள். வைத்தான்.

முழு மதிப்பெண் வாங்கிய பங்காருவுக்குக் கிடங்குக் காவல் வேலை நிரந்தரமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவன் பூட்டோடு வந்து வாசலில் தள்ளி நின்றான். லோயிஸ் அம்மிக்கல்லைத் தவிர எல்லாவற்றையும் மூட்டை கட்டியிருந்தாள். கனகம்மாசத்திரம் போகிற மாட்டுவண்டிக்காரன் ரோட்டில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். விசாரணை நாளிலிருந்து அவள் புருஷனோடு பேசவில்லை.

"நைனா, கோச்சுக்காத," என்று அம்மிக்கல்லைத் தூக்கினான் பங்காரு. "நான் வேணாம்னு சொன்னா வேற எவனையாவது போடுவாங்க."

"எனக்கு இன்னா கோவம். அம்மிய அங்க கடாசாத, மெதுவா வெய்யி," என்றான் ஏசுவடியான்.

பங்காரு அம்மியை வண்டியில் வைத்துவிட்டு வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். சத்தியம் செய்தவன் அவன், குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சும்மாதான் கேக்கறேன். அவன் பொண்டாட்டி... பொழச்சாளா?"

"தெரியல. தாளு அதோட முடிஞ்சிபோச்சி."

"எவன் பொண்டாட்டி?" என்றாள் லோயிஸ். பேசாமலிருந்தவள் முதலில் பேசியது இதுதான்.

ஏசுவடியான் சொன்னான். பாறை, கோபுரம், விளக்கு, புயல், ஜுரம். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள். வண்டிக்காரன் இரண்டு தடவை கூப்பிட்டான்.

"ஒரு நிமிசம் எறங்கி வந்து தண்ணி குடுத்துட்டுப் போனா இன்னாவாம் அவனுக்கு?"

"வேல போயிடும்ல."

"ஆங். உன்னுது போவலியா?" என்று லோயிஸ் படியிறங்கினாள்.

ஏசுவடியான் அவள் பின்னால் இறங்கினான். பங்காரு கதவைச் சாத்தினான். பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பி, கமிட்டி சொல்லிக்கொடுத்தபடி இழுத்துப் பார்த்தான். பூட்டியிருந்தது.